செயற்கை முழங்கால் மூட்டின் தேய்மானமும் அதன் காரணங்களும்

அந்தமான் நிகோபார் தீவுகளில் முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றோரைக் காண்பது இந்நாளில் அரிதன்று. அவர்களுள் பலர் சென்னை, கொல்கத்தா முதலிய பெருநகரங்களுக்குச் சென்று சிகிச்சை பெற்றுத் தத்தம் தீவுக்குத் திரும்பியவர்கள். சென்னைக்கும் இத்தீவுகளின் தலைநகருக்கும் இடையே கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் செல்வோருக்கு ஏறக்குறைய மூன்று நாட் பயணம். ஆகவே, மூட்டைப் பொருத்திய இரண சிகிச்சை நிபுணர் அந்நோயாளியை மறுபடியும் காணும் வாய்ப்பு மிகச் சிறிது. பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த முழங்காலில் ஒரு மாறுதல் தோன்றுமாயின், அதனை முதலில் காணக்கூடியவர் அக்கிராமத்துச் சுகாதார ஊழியரேயாவர்.

செயற்கை மூட்டு ஒரு பொறி. எந்தப் பொறியும் இயங்க இயங்கத் தேயும். ஆனால் இப்பொறியின் தேய்மானத்தில் தனித்தன்மை ஒன்று உண்டு. அது பல ஆண்டுகள் வலியின்றி நிகழ்வது. வலி தோன்றும்போது, மூட்டைத் தாங்கும் எலும்பே அரிக்கப்பட்டிருத்தல் கூடும். வலி இல்லாமையே நலத்திற்குச் சான்று என்று எண்ணிவிடலாகாது என்பதை முதற்கண் மனத்திற்கொள்ளுதல் வேண்டும். தேய்மானம் எவ்வாறு நிகழ்கிறது, அதனைக் கூட்டுவனவும் குறைப்பனவும் யாவை, கள ஊழியரும் ஆசிரியரும் இதில் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. இயற்கை மூட்டும் செயற்கை மூட்டும்

தொடை எலும்பின் கீழ்முனையும் கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்குமிடமே முழங்கால். இவ்விரு முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதனிடையே மூட்டுத் திரவம் ஊறி நிற்கிறது. படகின் எந்திரத் தண்டு, நீரினாலேயே வழுவழுப்பூட்டப்பெறும் தாங்கியில் சுழல்வதைத் தீவுவாசிகள் அறிவர். அதுபோலவே இம்மூட்டும் தன் திரவத்தில் தானே வழுக்கி இயங்குகிறது. குருத்தெலும்பு பழுதுற்று, எலும்போடு எலும்பு உரசும் நிலை வந்தால் நடையே துன்பமாகிறது. மருந்தும் பயிற்சியும் பயன் தராத நிலையில் மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது.

பெயர் மூட்டு மாற்று எனினும், மூட்டு முழுவதும் அகற்றப்படுவதில்லை. எலும்பு முனைகள் மெல்லியதாகச் சீவப்பட்டு, அவற்றின்மீது புதிய பரப்புகள் பொருத்தப்படுகின்றன. தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த உலோகக் கலவையாலான, கண்ணாடி போல் மெருகிட்ட கவசம். கால் எலும்பின் தலைக்கு டைட்டானியக் கலவை அல்லது கோபால்ட் கலவையாலான தட்டு. இவ்விரண்டிற்கும் இடையே பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கினாலான ஒரு மெத்தை. முழங்காற் சில்லின் உட்புறத்திலும் அதே பிளாஸ்டிக்கினாலான சிறு வில்லை பொருத்தப்படுவதுண்டு. உலோகம் கடினமானது, பிளாஸ்டிக் மென்மையானது. ஆகவே இவ்விரண்டும் உரசும்போது பெரும்பாலும் தேய்வது பிளாஸ்டிக் மெத்தையே. நம் பாடத்தின் நாயகன் இம்மெத்தைதான்.

2. வரலாற்றிலிருந்து ஒரு படிப்பினை

1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் தெமிஸ்டோக்லிஸ் குளுக் என்னும் மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்கால்களில் யானைத் தந்தத்தாலான கீல்களைப் பொருத்தினார். நோய்க்கிருமிகளின் தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தே இத்துறை உண்மையான முன்னேற்றம் கண்டது. அம்முன்னேற்றமும் முழங்காலில் அன்றி இடுப்பு மூட்டிலேயே தொடங்கியது.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி என்பார், 1950-களின் பிற்பகுதியில் டெப்லான் என்னும் வழுக்குப் பொருளைக் கொண்டு இடுப்பு மூட்டின் கிண்ணத்தைச் செய்தார். உராய்வு மிகக் குறைந்த பொருள் அது. எனவே அது நெடுநாள் நிலைக்குமென்று நம்பினார். ஏறத்தாழ முந்நூறு நோயாளிகளுக்கு அதனைப் பொருத்தினார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அக்கிண்ணங்கள் விரைந்து தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றுப்புறத் திசுக்களில் அழற்சியை உண்டாக்கின. அவற்றையெல்லாம் மறுபடியும் திறந்து அகற்ற வேண்டியதாயிற்று. உராய்வு குறைவாயிருப்பது ஒன்று, தேய்மானம் குறைவாயிருப்பது வேறொன்று என்னும் உண்மை அப்போது விளங்கிற்று.

1962-ஆம் ஆண்டில் ஒரு வியாபாரப் பிரதிநிதி, நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டுவந்த புதியதொரு பிளாஸ்டிக்கின் மாதிரியைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய பட்டறைத் தொழில் வல்லுநர் ஹாரி கிரேவன் என்பவரோ, அதனைத் தேய்மானப் பொறியில் இட்டு இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பின்பும், டெப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அதுவே மிகுமூலக்கூற்று எடையுள்ள பாலிஎதிலீன். சார்ன்லி அதன் துண்டையும் டெப்லான் துகளையும் தம் தொடையிலேயே செலுத்தி, உடலின் எதிர்விளைவைக் கண்டறிந்த பிறகே, அவ்வாண்டு நவம்பரில் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். இன்றளவும் மூட்டுகளின் மெத்தை அப்பொருளாலேயே செய்யப்படுகிறது. ஒரு பட்டறைத் தொழிலாளியின் பொறுமையான சோதனை உலகெங்கும் எண்ணற்றோரை நடக்கச் செய்தது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

அதே ரைட்டிங்டனில் 1968-இல் பிராங்க் கன்ஸ்டன் என்பார் உலோகமும் பாலிஎதிலீனும் கொண்ட முழங்காலை ஆக்கினார். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகிய மூவரும் வகுத்த முழுமூட்டு அமைப்பு, இன்றைய முழங்கால்களுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. இவர்களுள் ரணாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாயிக்கு 2000-இல் ஒரு முழங்காலிலும் 2001-இல் மற்றொன்றிலும் மும்பையில் சிகிச்சை செய்தவரும் இவரே. நம் நாட்டில் பொதுமக்கள் இச்சிகிச்சையைப் பரவலாகக் கேள்வியுற்றது அக்காலத்தில்தான்.

3. மெழுகுக்கும் மெத்தைக்கும் உள்ள உறவு

மெழுகுவர்த்தியின் மெழுகும் பாலிஎதிலீனும் இரசாயன முறையில் உறவினர். இரண்டும் கரியணுக்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, அவற்றைச் சூழ நீரக அணுக்கள் ஒட்டியவை. மெழுகின் சங்கிலியில் சில பத்துக் கரியணுக்களே உண்டு. அதனால் நகத்தால் கீறினாலே மெழுகு உதிர்கிறது. மூட்டு மெத்தையின் பாலிஎதிலீனில் மூலக்கூற்று எடை இருபது இலட்சம் முதல் அறுபது இலட்சம் வரை செல்லும். அதாவது ஒரே சங்கிலியில் இலட்சக்கணக்கான கரியணுக்கள். நெடுஞ்சங்கிலிகள் தேங்காய் நார்க் கயிற்றின் இழைகள் போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓர் இழையை மட்டும் உருவி எடுப்பது கடினம். தேய்மானத்தை எதிர்க்கும் ஆற்றல் இப்பின்னலிலிருந்தே பிறக்கிறது. இப்பின்னலைக் குலைக்கும் எதுவும் தேய்மானத்தைக் கூட்டும் என்பது இனிவருவனவற்றுக்கெல்லாம் திறவுகோலாகும்.

4. தேய்மானத்தின் வகைகள்

ஒட்டித் தேய்தல் என்பது முதல் வகை. அழுத்தத்தில் பிளாஸ்டிக்கின் நுண்ணிய மேடுகள் உலோகத்தில் ஒட்டி, நகரும்போது பிய்ந்து போகின்றன. இரண்டாவது, அராவித் தேய்தல். உலோகப் பரப்பின் கீறல்கள் அரம்போல் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகின்றன. மூன்றாவது, அயற்பொருளால் தேய்தல். இரு பரப்புகளுக்கிடையே எலும்புச் சிதறலோ, மூட்டை ஒட்டப் பயன்பட்ட சிமென்டின் துகளோ சிக்கிக்கொண்டு இரண்டையும் கெடுக்கிறது. மண்ணில் இழுத்துவரப்பட்ட மரத்தின் பட்டையில் மணல் ஒட்டியிருந்தால் இரம்பத்தின் பல் விரைவில் மழுங்கும். 1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் தீவின் மர அறுப்பாலை போன்ற இடத்தில் தொழில் செய்வோருக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. நான்காவது, களைப்பினால் சிதைதல். கம்பியை மேலும் கீழும் பன்முறை வளைத்தால் அது முறிவதுபோல, மெத்தையின் மேற்பரப்புக்குச் சிறிது கீழே அழுத்தம் மாறி மாறித் தாக்குவதால் அங்கே வெடிப்பு உண்டாகி, பிளாஸ்டிக் தகடு தகடாக உரிகிறது. இடுப்பு மூட்டைவிட முழங்காலில் இந்நான்காம் வகை மிகுதியாகக் காணப்பட்டது. காரணம், இடுப்பு மூட்டு கிண்ணத்தினுள் உருளும் பந்து. முழங்காலோ ஏறக்குறைய சமமான பரப்பின்மீது உருண்டும் வழுக்கியும் செல்லும் உருளை. தொடும் பரப்பு சிறிதாதலின் அழுத்தம் பெரிது.

5. தேய்மானத்தை நிர்ணயிக்கும் காரணங்கள்

(அ) சுமையும் தொலைவும்: 1953-ஆம் ஆண்டில் ஆர்ச்சர்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி தேய்மானத்தைக் குறித்து எளிய விதியொன்றைக் கூறினார். தேய்ந்து போகும் பொருளின் கனஅளவு, தாங்கும் சுமைக்கும் வழுக்கிச் செல்லும் தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், பொருளின் கடினத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும் என்பதே அது. பாலிஎதிலீன் இவ்விதிக்கு முற்றிலும் அடங்குவதில்லை எனினும், போக்கினை அறிய இது உதவும்.

சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடலெடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு; படியேறுகையில் மூன்று மடங்கிற்குச் சற்று மேல்; படியிறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அளவுமானிகள் பொருத்தப்பட்ட மூட்டுகளைக் கொண்டு உயிருள்ள மனிதரிடமே இவை அளந்தறியப்பட்டன. 60 கிலோகிராம் எடையுள்ளவர் நடக்கையில் 150 கிலோகிராமும், படியிறங்குகையில் 210 கிலோகிராமும் மூட்டின்மீது விழுகின்றன. உடலெடை பத்துக் கிலோகிராம் கூடினால், நடையின் ஒவ்வோர் அடியிலும் 25 கிலோகிராம் கூடும். சாதாரணமாக நடமாடும் ஒருவரின் ஒவ்வொரு காலும் ஓராண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் அடிகள் வைக்கிறது. பதினைந்து ஆண்டில் ஒன்றரைக் கோடி. மூட்டின் வயதை ஆண்டுகளால் அளப்பதினும் அடிகளால் அளப்பதே பொருத்தமென ஆராய்ச்சியாளர் கூறுவது இதனால்தான். இளவயதில் மூட்டு மாற்றப்பெற்றோருக்கு அது விரைவில் தேய்வதற்கும் இதுவே முதற்காரணம்.

(ஆ) வடிவமும் தடிப்பும்: உலோகக் கவசத்தின் வளைவுக்கு இயைய மெத்தையும் குழிந்திருந்தால் சுமை பரந்து விழும், அழுத்தம் குறையும். ஆனால் மிகவும் இயைந்த குழிவு மூட்டின் சுழற்சியைத் தடுத்து, எலும்பிலுள்ள பிடிப்பைத் தளரச் செய்யும். இவ்விரண்டிற்கும் இடையே சமநிலை காண்பதே வடிவமைப்பாளரின் தொழில். மெத்தை மெல்லியதாயின் அதனுள் அழுத்தம் பெருகும். ஆகவே குறைந்தது 8 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டுமென்பது பொதுவாக ஏற்கப்பட்ட அறிவுரை. எலும்பைக் குறைவாகச் சீவ விரும்பி மெத்தையை மெலியச் செய்த பழைய அமைப்புகள் சில, விரைவில் சிதைந்தன.

(இ) கிருமிநீக்கம் செய்த முறை: பல்லாண்டுகளாக மெத்தைகளைக் காமாக் கதிர்களால் 25 முதல் 40 கிலோகிரே அளவில் கிருமிநீக்கம் செய்துவந்தனர். கதிர்கள் கிருமிகளைக் கொல்வதோடு பாலிஎதிலீனின் சங்கிலிகளையும் ஆங்காங்கே அறுத்துவிடுகின்றன. அறுந்த முனைகள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடினால் பிளாஸ்டிக் நொறுங்குந்தன்மை அடைகிறது. காற்றுள்ள உறையில் இட்டுக் கதிரூட்டி, பல ஆண்டுகள் கிடங்கில் வைத்திருந்த மெத்தைகள், உடலுள் பொருத்திய சில ஆண்டுகளிலேயே தகடு தகடாக உரிந்ததற்குக் காரணம் இதுவே. நோயாளியின் உடலுள் புகுமுன்னரே அம்மெத்தை மூப்படைந்துவிட்டது. 1990-களில் இவ்வுண்மை தெளிவானபின், பிராணவாயு நீக்கிய உறைகளும் கதிரில்லாக் கிருமிநீக்க முறைகளும் வழக்கிற்கு வந்தன.

அதே கதிர்களுக்கு மற்றொரு முகமும் உண்டு. பிராணவாயு இல்லாதபோது, அறுந்த சங்கிலி முனைகள் பக்கத்துச் சங்கிலிகளோடு குறுக்கே பிணைந்துகொள்கின்றன. 1990-களின் இறுதியில் தோன்றிய குறுக்குப் பிணைப்பு மிகுந்த பாலிஎதிலீன் இவ்வாறே செய்யப்படுகிறது. அதிகக் கதிரூட்டி, பின்னர் உஷ்ணப்படுத்தி, எஞ்சிய அறுந்த முனைகளை நீக்குகின்றனர். பின்னர் வைட்டமின் ஈ சேர்த்து, பிராணவாயுவின் தாக்குதலைத் தடுக்கும் முறையும் வந்தது. எனினும் பிணைப்பு மிகுந்தால் வெடிப்பைத் தாங்கும் வலிமை குறையும். ஆகையால் இடுப்பு மூட்டுக்கு நன்மை தந்த அளவு முழங்காலுக்கும் அப்படியே தரும் என்று கொள்ள இயலாது.

(ஈ) எதிர்ப்பரப்பின் மெருகு: உலோகக் கவசத்தில் விழும் ஒரு கீறல், அதன் இருபுறத்தும் நுண்ணிய வரப்புகளை எழுப்புகிறது. ஒவ்வோர் அடியிலும் அவ்வரப்பு பிளாஸ்டிக்கை உழுகிறது. எலும்பு சிமென்டில், ஊடுகதிர்ப் படத்தில் தெரிவதற்காகச் சேர்க்கப்படும் பேரியம் அல்லது சிர்கோனியம் கூட்டுப்பொருள்கள் கடினமானவை. அவற்றின் துகள் சிக்கினால் கீறல் உண்டாகும். இதனைத் தவிர்க்கவே சிர்கோனியம், நையோபியம் கலவையின் மேற்பரப்பைப் பீங்கான் போன்ற ஆக்சைடாக மாற்றிய கவசங்களும் செய்யப்படுகின்றன.

(உ) நேர்மை: இடுப்பின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவரை இழுக்கும் கோடு முழங்காலின் நடுவே செல்லுமாறு மூட்டு பொருத்தப்பட வேண்டும். கோடு உட்புறம் விலகினால் மெத்தையின் உட்பாதியே பெரும்பகுதிச் சுமையைத் தாங்கும். அப்பாதி தேயத் தேயக் கால் மேலும் வளையும். வளைய வளையச் சுமை மேலும் அப்பக்கம் கூடும். நம் நாட்டு நோயாளிகளிடம் கால்கள் வெளிநோக்கி வில்லாக வளைந்த நிலை மிகுதி. பந்தகங்களின் இறுக்கம் இருபுறமும் ஒத்திருத்தலும் இதனைப் போன்றே இன்றியமையாதது. இவ்விரண்டும் பொருளின் தரத்தைச் சார்ந்தன அல்ல. பொருத்துவோரின் கைத்திறனைச் சார்ந்தவை.

(ஊ) மெத்தையின் அடிப்புறம்: மேற்புறம் மட்டுமே தேய்வதாக நெடுநாள் எண்ணியிருந்தனர். உலோகத் தட்டில் மெத்தையைப் பூட்டும் அமைப்புத் தளர்ந்தால், ஒவ்வோர் அடியிலும் மெத்தை அடியில் நுண்ணளவு நகர்ந்து, கரடுமுரடான தட்டில் தேய்கிறது. தட்டின் மேற்பரப்பையும் மெருகிடுவதும் பூட்டை உறுதியாக்குவதும் இதற்குப் பரிகாரம்.

(எ) இயக்கத்தின் திசை: பாலிஎதிலீனை ஒரே திசையில் தேய்த்தால் அதன் சங்கிலிகள் அத்திசையில் வரிசைப்பட்டு உறுதியடைகின்றன. பின்னர்க் குறுக்குத் திசையில் தேய்த்தால் அவை எளிதில் கிழிகின்றன. கட்டாக அடுக்கிய தென்னை நாரை நீளவாட்டில் இழுப்பதற்கும் குறுக்கே பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. முழங்கால் மடங்குவதோடு சிறிது சுழலவும் செய்வதால் இவ்விளைவு உண்டாகிறது. பழைய சோதனைப் பொறிகள் ஒரே திசையில் மட்டும் தேய்த்து, தேய்மானத்தை உண்மையினும் மிகக் குறைவாகக் காட்டியதற்கு இது காரணம்.

(ஏ) வாழ்க்கை முறை: தரையில் சம்மணமிடுதலும், குந்தியமர்தலும் நம் வாழ்வில் ஊறியவை. வழக்கமான செயற்கை மூட்டு ஏறத்தாழ 110 முதல் 120 பாகை வரை மடங்குகிறது. முழுக் குந்தலுக்கு 130 பாகைக்கும் மேல் வேண்டும். அந்நிலையில் உலோகக் கவசம் மெத்தையின் பின்விளிம்பில் ஏறி நிற்கிறது. குறுகிய விளிம்பில் பெருஞ்சுமை விழுகிறது. மிகுதியாக மடங்கும் வகை மூட்டுகளிலும் இவ்வியற்கை முற்றிலும் மாறிவிடுவதில்லை. கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் உழைத்தவர்களுக்குக் குந்தாதே என்று அறிவுரை சொல்வது எளிது. குந்தாமல் இருக்க வழி செய்து தருவதே உண்மையான உதவி. உயரமான கழிப்பிருக்கை ஒன்றும், அடுப்பருகே ஒரு முக்காலியும் மெத்தையின் ஆயுளை நீட்டிக்கும் கருவிகளாகும்.

6. சோதனைச் சாலையில் மூட்டு

மூட்டின் தேய்மானத்தை முன்னறிய, நடையைப் போன்ற சுமையையும் அசைவையும் தரும் பொறிகள் உள்ளன. பத்து இலட்சம் சுழற்சி ஓராண்டு நடைக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது. இச்சோதனையில் நீரைப் பயன்படுத்தினால் முடிவு தவறாகும். மூட்டுத் திரவத்தைப் போல் புரதம் நிறைந்த கன்றின் சீரத்தையே பயன்படுத்துகின்றனர். மெத்தையை முன்னும் பின்னும் துல்லியமாக நிறுத்து, இழந்த எடையிலிருந்து தேய்மானத்தைக் கணக்கிடுகின்றனர்.

இதே பாலிஎதிலீனை நம் நாட்டு விஞ்ஞானிகள் இன்னும் கடுமையான பணிக்குப் பயன்படுத்தியுள்ளனர். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வின் வட்டத்தட்டு இப்பொருளாலானது. அதைத் தாங்கும் சட்டம் கோபால்ட் அடிப்படையிலான கலவை. முந்தைய மாதிரிகளில் நீலக்கல் படிகத்தாலான கடினத் தட்டை முயன்று, பின்னர் அதனைக் கைவிட்டே இம்மென்பொருளைத் தேர்ந்தனர். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. இதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், அத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் கோடி முறை திறந்து மூடவேண்டும். தேய்மானத்தை எதிர்ப்பதில் கடினம் ஒன்றே போதாது, பொருள்களின் இணை பொருந்தவேண்டும் என்பதற்கு இது நற்சான்று.

7. துகள்களின் விளைவு

மெத்தை சிறிது மெலிவதால் மட்டும் பெருங்கேடு விளைவதில்லை. கேடு விளைவிப்பது, உதிரும் துகள். அத்துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இரா. உடலின் விழுங்கணுக்கள் அவற்றைக் கிருமி என்றெண்ணி விழுங்குகின்றன. பிளாஸ்டிக்கைச் செரிக்க அவற்றால் இயலாது. ஆகவே அவை அழற்சியூட்டும் இரசாயனங்களை வெளியிடுகின்றன. அவ்விரசாயனங்கள் எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. இவ்வாறு மூட்டைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து, மூட்டின் பிடிப்புத் தளர்கிறது.

இதனால் அச்சங்கொள்ள வேண்டியதில்லை. 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, முழங்கால் முழுமாற்று மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கக் கூடுமென மதிப்பிட்டது. ஆயினும் எஞ்சிய சிலருள் நம் கிராமத்தவர் ஒருவர் இருக்கலாம். தளர்ச்சியை முன்னரே கண்டால், சில வேளைகளில் மெத்தையை மட்டும் மாற்றினாலே போதும். எலும்பு கரைந்தபின் கண்டால் மறுசிகிச்சை கடினம், செலவும் மிகுதி. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் மூட்டுகளின் விலைக்கு வரம்பு விதித்தபோது, கோபால்ட் குரோமிய முதன்மை மூட்டுக்கு 54,720 ரூபாயும், மறுசிகிச்சை மூட்டுக்கு 1,13,950 ரூபாயும், வரி நீங்கலாக, நிர்ணயித்தது. காலந்தாழ்த்துவதன் விலையை இவ்விரண்டு எண்களே காட்டும்.

8. கள ஊழியர் செய்யத்தக்கவை

முதலாவதாக, தம் எல்லையில் செயற்கை மூட்டுடையோர் யாவர், எந்த ஆண்டில், எக்காலில் சிகிச்சை பெற்றனர் என்று ஒரு பதிவு வைத்துக்கொள்ளுதல் நன்று. மூட்டின் பெயர், அளவு, வரிசை எண் குறித்த அட்டையை மருத்துவமனை தந்திருக்கும். மறுசிகிச்சை செய்வோருக்கு அது இன்றியமையாதது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தோர் இத்தீவுகளில் பலர். ஆகவே அட்டையை நீர் புகாத உறையிலிட்டு, அதன் படியொன்றைச் சுகாதார நிலையத்திலும் வைக்கச் செய்க.

இரண்டாவதாக, நலமாயிருப்போரையும் மருத்துவர் குறித்த காலந்தோறும் ஊடுகதிர்ப் படம் எடுக்க அனுப்புக. நின்ற நிலையில் எடுக்கும் படத்தில் உலோகங்களுக்கிடையேயுள்ள வெளி குறுகியிருந்தால் மெத்தை தேய்ந்துள்ளது என அறியலாம். பழைய படங்களை எறியாது வைத்திருந்து ஒப்பிடுதல் அவசியம்.

மூன்றாவதாக, பின்வரும் அடையாளங்களைக் கேட்டறிக: நெடுநாள் நலமாயிருந்த முழங்காலில் புதிதாக வீக்கம், எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது வலி, முழங்கால் நழுவுவது போன்ற உணர்ச்சி, புதிதாகத் தோன்றும் கடகடவென்ற ஒலி, கால் மறுபடி வளைதல். இவற்றுள் ஒன்று காணப்படினும் அடுத்த வாய்ப்பில் மருத்துவரிடம் அனுப்புக. காய்ச்சலும் செந்நிறமும் வெப்பமும் கூடிய வலியாயின் அது கிருமித்தொற்றாயிருக்கலாம். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

9. வகுப்பறைச் சோதனை

ஒரே அளவான மூன்று மெழுகுத் துண்டுகளை ஒரு தகர டப்பாவின் அடியில் முக்காலியின் கால்கள் போல் உருக்கி ஒட்டுக. டப்பாவில் கற்களை இட்டு, நூல் கட்டி, வழவழப்பான ஓட்டின்மீது ஒரு சாண் தூரம் இருநூறு முறை இழுத்து, மெழுகின் உயரம் எவ்வளவு குறைந்தது என அளவுகோலால் அளக்க. பின்னர்க் கற்களை இரட்டித்தும், ஒரு சிட்டிகை மணலைத் தூவியும், ஓட்டைத் திருப்பி அதன் சொரசொரப்பான அடிப்புறத்திலும், மெழுகு முனைகளைக் கூராகச் சீவியும் தனித்தனியே செய்து ஒப்பிடுக. ஒவ்வொரு முறையும் புதிய மெழுகையே பயன்படுத்துதல் வேண்டும். சுமை, அயற்பொருள், எதிர்ப்பரப்பின் மெருகு, தொடும் பரப்பு ஆகிய நான்கு காரணங்களையும் மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். ஓட்டில் படிந்த மெழுகுத் தூளைக் கறுப்புத் தாளில் தட்டிக் காட்டி, உடலினுள் இத்தூள் எங்கே செல்லும் என்று வினவுக.

பயிற்சி வினாக்கள்

1. உராய்வு குறைந்த டெப்லான் ஏன் இடுப்பு மூட்டில் தோல்வியுற்றது?
2. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படியிறங்கும்போது முழங்காலில் விழும் சுமை எவ்வளவு? அவர் எடை 65 கிலோகிராமாகக் குறைந்தால் சுமை எவ்வளவு குறையும்?
3. கிடங்கில் நெடுநாள் இருந்த மெத்தை கேடுற்றதற்குக் காரணம் யாது?
4. உங்கள் ஊரில் செயற்கை மூட்டுடைய ஒருவர் குந்தாமல் வாழ்வதற்கு வீட்டில் என்னென்ன மாறுதல் செய்யலாம்?

இந்நான்காம் வினாவிற்கு விடை புத்தகத்தில் இல்லை. அவ்வீட்டிற்குச் சென்று பார்த்தே எழுதவேண்டும். நூறு அடி நடந்து சென்று ஊழியர் ஒருவர் ஆண்டுக்கொரு முறை விசாரிப்பாராயின், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் கடந்து செய்யவேண்டிய மறுசிகிச்சை ஒன்றைத் தவிர்க்கவோ, எளிதாக்கவோ இயலும்.